மலை ஏறத் தெரிந்த பையன் எப்போது கிளைம்பர் ஆகிறான்?

சைக்கிள் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் பிடித்துப்போவது மலை ஏறுகிற வீரர்களை, அதாவது கிளைம்பர்களைத்தான். சமதளத்தில் நூற்றைம்பது பேருக்கு மேல் ஒரே கொத்தாக வருவார்கள், யார் பலசாலி என்றே கண்ணுக்குத் தெரியாது. மலை வந்ததும் அந்தக் கொத்து அவிழும், ஒவ்வொருவராகப் பின்னால் உதிர்வார்கள், கடைசியில் நாலைந்து பேர் மட்டும் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்த நாலைந்து பேரில் ஒருவருக்கு இருபது வயதுதான் என்றால் போதும், "இவர்தான் எதிர்கால டூர் டி பிரான்ஸ் சாம்பியன்" என்று பேச்சு கிளம்பிவிடும்.

அப்படிப் பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலானோர், மூன்று வாரம் நடக்கிற, சைக்கிள் உலகின் மிகப் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸை வென்றதில்லை. அவர்கள் சோம்பேறிகளும் இல்லை, திறமை குறைந்தவர்களும் இல்லை. மலை ஏறும் திறமை ஒரு இளம் வீரரிடம் சீக்கிரமே தெரிந்துவிடுகிற விஷயம், அளந்தும் பார்த்துவிடலாம். அவர் கற்றுக்கொள்ள வேண்டிய மற்றதெல்லாம் மலைக்கு வெளியே இருக்கிறது, அதற்கு வருடக்கணக்கில் ஆகும். அந்த மற்றதெல்லாம் என்ன என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். உதாரணத்துக்குக் கொலம்பியாவின் ஏகன் பெர்னாலை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு கிளைம்பரின் வளர்ச்சியில் என்னென்ன நடக்குமோ, நல்லதும் கெட்டதும், ஏறக்குறைய அத்தனையும் அவருக்கு நடந்திருக்கிறது.

முதலில் அடிப்படை. சமதளத்தில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் போகும்போது வீரர் செலவழிக்கிற சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கத்தான் போகிறது. அங்கே உடல் எடை பெரிய விஷயமில்லை. ஆள் எண்பது கிலோ இருந்தாலும் தொடையில் பலம் இருந்தால் ஓட்டிவிடலாம். ஏற்றத்தில் கணக்கு தலைகீழ். வேகம் குறைவதால் காற்றின் எதிர்ப்பும் குறைந்துவிடும், சக்தியில் பெரும்பங்கு தன் உடம்பையும் சைக்கிளையும் மேலே தூக்கவே செலவாகும். அதனால்தான் கிளைம்பர்களை அளக்க ஒரு எண் வைத்திருக்கிறார்கள்: ஒருவர் மிதிக்கும் வாட்டை அவருடைய எடையால் வகுத்து வருவது, அதாவது ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 60 கிலோ எடையுள்ள வீரர் 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போக வேண்டும் என்றால் அவருக்குச் சுமார் 350 வாட் தேவை, அது கிலோவுக்கு 6 வாட்டை ஒட்டி வரும். அதே வேகத்துக்கு 80 கிலோ வீரர் 450 வாட்டுக்கும் மேல் மிதித்தாக வேண்டும். ஓரளவு பயிற்சி உள்ள சாதாரண ஆள் கிலோவுக்கு 3 வாட் மிதித்தால் அதே ஏற்றத்தில் மணிக்குப் பதினொன்று, பன்னிரண்டு கி.மீ. போகலாம். சைக்கிளின் எடையை மட்டும் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது, பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ-யின் விதி. ஆக, மிச்சம் இருப்பது உடம்பும் மூச்சும்தான்.

இந்த எண்ணை ஆய்வகத்தில் ஒரே நாளில் எடுத்துவிடலாம். பதினெட்டு வயதுப் பையனை ஒரு நிலையான சைக்கிளில் உட்காரவைத்து, படிப்படியாகச் சுமையை ஏற்றி, மூச்சை அளந்தால் இவனுக்குள் எவ்வளவு பெரிய எஞ்சின் இருக்கிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். அணிகளும் அதைப் பார்த்துத்தான் பையன்களைப் பிடிக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அந்தச் சோதனை நடக்கும்போது பையன் நன்றாகத் தூங்கி எழுந்து, நன்றாகச் சாப்பிட்டு, அமைதியான அறையில், தன்னை யாரும் இடிக்காத இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பந்தயத்தில் மலை அப்படி வராது. நாலரை மணி நேரம் ஓட்டிய பிறகு, இரண்டு மலை ஏறி இறங்கிய பிறகு, மழையில் நனைந்த பிறகு, பதினைந்து நாள் களைப்போடு வரும்.

பெர்னால் 1997 ஜனவரியில் பொகோட்டாவில் பிறந்து, பக்கத்து ஊரான சிப்பாகிராவில் வளர்ந்தவர். கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர், பாறைக்குள் குடைந்த உப்புத் தேவாலயத்துக்குப் பெயர்போனது. அவருடைய அப்பா அங்கே காவலாளியாக வேலை பார்த்தவர். இந்த உயரத்தில் வளர்ந்த உடம்பு ஆக்சிஜன் குறைந்த காற்றுக்குப் பழகிவிடும் என்பது உண்மை, ஆனால் கொலம்பியர்கள் மலை ஏறுவதற்கு அது மட்டுமே காரணம் என்று முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் அதே உயரத்தில் பல லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

அவர் தொடங்கியது சாலை சைக்கிளில் இல்லை, மவுண்டன் பைக்கில். ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் 2014-இல் வெள்ளி, 2015-இல் வெண்கலம். அப்போதே உலகத் தரத்து உடம்பு என்பது தெரிந்துவிட்டது. ஜான்னி சாவியோ என்ற இத்தாலிய மேலாளர், தென் அமெரிக்கப் பையன்களைக் கண்டுபிடிப்பதில் பெயர் வாங்கியவர், தன்னுடைய ஆன்ட்ரோனி அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார். 2016-இல், பத்தொன்பது வயதில், சாலைப் பந்தயத்தில் சொல்லிக்கொள்ளும்படியான அனுபவமே இல்லாத பையன் நேராகத் தொழில்முறை வீரராகிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று அணிகளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் மற்றது புரியாது. மேல்தட்டில் வேர்ல்ட் டூர் அணிகள், பதினெட்டு. டூர் டி பிரான்ஸ் போன்ற பந்தயங்களுக்கு இவர்களுக்கு இடம் உறுதி. அதற்குக் கீழே புரோ அணிகள், அழைப்பு வந்தால் பெரிய பந்தயங்களில் ஓடலாம். அதற்கும் கீழே கான்டினென்டல் அணிகள். வயதுப் பிரிவில் பதினேழு, பதினெட்டு ஜூனியர். பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டு வரை அண்டர் 23. அந்தப் பிரிவின் பெரிய பந்தயம் டூர் டி லாவனிர், எதிர்காலத்தின் டூர் என்று அர்த்தம். 1961-லிருந்து நடக்கிறது, இப்போது ஆகஸ்ட் கடைசியில் ஆல்ப்ஸ் மலைகளில் முடியும். இன்றைக்குப் பெரிய அணிகள் பலவும் தங்களுக்கென்று தனியாக ஒரு பையன்கள் அணி வைத்து, பதினெட்டு வயதிலேயே ஆளைப் பிடித்துப் போட்டுவிடுகின்றன.

டூர் டி லாவனிரை வென்றவர்கள் பட்டியலைப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். 2010-இல் நைரோ கின்டானா, பின்னால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் நடக்கிற மூன்று வாரப் பந்தயங்களான ஜிரோ டி இத்தாலியாவையும் வுவெல்டாவையும் வென்றார். 2017-இல் நம் பெர்னால். 2018-இல் ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சார், பின்னால் டூர் டி பிரான்ஸையே வென்றவர். இந்த மூன்று பெயரை மட்டும் சொன்னால், அந்தப் பந்தயத்தை வென்றாலே எல்லாம் கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் 2013-இல் வென்ற ரூபென் ஃபெர்னாண்டஸ் மூன்று வாரப் பந்தயம் எதையும் வென்றதில்லை. 2019-இல் வென்ற நார்வேயின் டோபியாஸ் ஃபோஸ் வேறு பக்கம் போய், 2022-இல் ஒவ்வொருவராகத் தனியாக நேரத்துக்கு எதிராக ஓட்டுகிற டைம் டிரயலில் உலகச் சாம்பியன் ஆனார், அதுவும் பெரிய சாதனைதான், மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுதான் விஷயம். ஒரு வார மலைப் பந்தயத்தில் இருபத்தோரு வயதில் முதலாவதாக வருவது ஒரு நல்ல அடையாளம், அவ்வளவுதான்.

சரி, 2018-க்கு வருவோம். பெர்னாலைப் பிரிட்டனின் டீம் ஸ்கை அணி சேர்த்துக்கொண்டது. அந்த மே மாதமே டூர் ஆஃப் கலிஃபோர்னியாவை வென்றார். ஜூலையில் முதல் டூர் டி பிரான்ஸ். அங்கே அவர் தலைவர் இல்லை, கெரைன்ட் தாமஸுக்கும் கிறிஸ் ஃப்ரூமுக்கும் உதவியாளர். சைக்கிள் பந்தயத்தில் இந்த உதவியாளருக்கு டொமெஸ்டீக் என்று பெயர். தண்ணீர் பாட்டில் எடுத்து வருவது, தலைவருக்கு முன்னால் ஓட்டிக் காற்றை வாங்கிக்கொள்வது, தலைவரின் சைக்கிள் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது என்று எல்லாம் அவர் வேலை.

ஆல்ப் டூயெஸ் ஏற்றம் 13.8 கி.மீ., சராசரி 8.1 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வருடம் 12-ஆவது ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர்) அங்கே முடிந்தது. ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு முன்னால் நின்று வேகத்தைக் கட்டியது இருபத்தோரு வயது பெர்னால்தான். அந்த வேலையைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். எழுந்து நின்று பாய்ந்து ஓட்டுவதில்லை. உட்கார்ந்தபடியே, தோள் அசையாமல், ஒரே சீராக, பின்னால் இருக்கிற போட்டியாளர்கள் யாரும் தாக்குதல் தொடுக்க முடியாத அளவுக்கு அதிகமாக, ஆனால் தன் தலைவர் திணறாத அளவுக்குக் குறைவாக, அந்த நூலளவு இடைவெளியில் வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும். யாராவது பாய்ந்து ஓடினால் பதறாமல் அதே வேகத்தில் போய் மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்னால் டிவி மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் காதுக்குள் கத்துகிற கூட்டம், முகத்துக்கு நேரே புகை. அன்று தாமஸ் ஸ்டேஜை வென்றார், பிறகு டூரையும் வென்றார். பெர்னால் மொத்தத்தில் 15-ஆவது.

அந்த 15-ஆவது இடம் ஒரு இளம் கிளைம்பருக்கு எவ்வளவு பெரிய படிப்பு என்று புதியவர்களுக்குத் தெரியாமல் போகும். தோல்வியின் பாரம் தலையில் இல்லாமல் மூன்று வாரத்தை முழுதாக ஒருமுறை வாழ்ந்து பார்க்கிறார். எந்த நாள் எப்போது சாப்பிட வேண்டும், ஓய்வு நாளன்று உடம்பு எப்படி மந்தமாகும், ஜெயிக்கிற அணியின் பஸ்ஸுக்குள் இரவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். வேலை முடிந்ததும் விலகி மெதுவாக ஏறலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மலைப் பந்தயத்தைத் தீர்மானிப்பது பல நேரங்களில் மலை இல்லை, மலைக்கு முன்னால் வருகிற சமதளச் சாலை. குறுகலான ஏற்றச் சாலை ஒன்று வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பது பேருக்கும் முதல் இருபது இடத்துக்குள் அதில் நுழைய வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் ஊருக்குப் போகிற பஸ் வந்து நிற்கும்போது கதவுக்கு முன்னால் என்ன நடக்குமோ, அதை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், தோளோடு தோள் உரச, செய்கிறார்கள். எண்பதாவது இடத்தில் நுழைந்தவர் எவ்வளவு பெரிய கிளைம்பராக இருந்தாலும், முன்னால் களைத்து உதிர்கிறவர்களை ஒவ்வொருவராகச் சுற்றித் தாண்டி வருவதற்குள் தன் பலத்தைத் தீர்த்துவிடுவார். ஐம்பத்தைந்து, அறுபது கிலோ பையனுக்கு எழுபத்தைந்து கிலோ ஆட்களோடு இடிபட்டு இடம் பிடிப்பது எளிதில்லை, பயமாகவும் இருக்கும்.

குறுக்குக்காற்று இன்னும் கொடுமை. காற்று நேராக எதிரே வந்தால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளலாம், அப்படி ஒளிந்தால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு வரை மிச்சமாகும். காற்று பக்கவாட்டில் அடித்தால் நேர் பின்னால் மறைவு கிடையாது, முன்னால் போகிறவருக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் போக வேண்டும். அதனால் வீரர்கள் சாலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாய்வாக ஒரு வரிசை கட்டுவார்கள், எஷலான் என்று பெயர். சாலையின் அகலம் எவ்வளவோ அத்தனை பேருக்குத்தான் அதில் இடம். இடம் கிடைக்காதவர்கள் சாலை ஓரத்தில் ஒற்றை வரிசையில் மறைவே இல்லாமல் திணறி, ஒரு இடைவெளி விழுந்ததும் பந்தயமே இரண்டாகப் பிளந்துவிடும். ஒல்லியான கிளைம்பர்கள் நிமிடக்கணக்கில் நேரத்தை இழப்பது இங்கேதான்.

2019 மார்ச், பாரிஸ்-நீஸ் பந்தயம். முதல் இரண்டு நாளும் திறந்த வயல்வெளியில் பயங்கரக் காற்று. கிளைம்பர்கள் பலர் பின்தங்கிப் போனார்கள். பெர்னால், கொலம்பிய மலையூர்க்காரர், மவுண்டன் பைக்கிலிருந்து வந்தவர், பெல்ஜியத்துக் காற்றில் வளர்ந்த ஆட்களோடு முன் வரிசையில் இருந்தார், அவர் அணியின் அனுபவசாலிகள் அவரை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்திருந்தார்கள். வாரக் கடைசியில் கோல் டி துரினி மலையில், மொத்தத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணிகிற மஞ்சள் ஜெர்சியைப் பிடித்து, கின்டானாவை 39 விநாடியில் முந்திப் பந்தயத்தை வென்றார். மலையில் வென்றார் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். என்னைக் கேட்டால் முதல் இரண்டு நாளில் வென்றுவிட்டார்.

அதே வருடம் டூரில் இதன் மறுபக்கம் நடந்தது. பத்தாவது ஸ்டேஜ், ஆல்பி நகருக்குப் போகிற சாலை, மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. காற்றில் கூட்டம் பிளந்தது. பிரான்ஸின் திபோ பினோ 1 நிமிடம் 40 விநாடியை இழந்தார். அடுத்த சில நாளில் பைரனீஸ் மலைகளில் பினோதான் எல்லோரையும்விட நன்றாக ஏறினார், தூர்மலே சிகரத்தில் ஸ்டேஜையும் வென்றார், ஆனாலும் சமதளத்தில் விட்ட நேரத்தைத் துரத்திக்கொண்டேதான் இருக்க வேண்டியிருந்தது. பிறகு தொடைத் தசை கிழிந்து, அழுதுகொண்டே 19-ஆவது ஸ்டேஜில் விலகினார். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும். ஆல்பியில் முன் கூட்டத்தில் இருந்தவர் பெர்னால்.

பினோ விலகிய அதே நாள்தான், ஜூலை 26, பெர்னால் கோல் டி லிசெரான் ஏற்றத்தில் தனியாகப் பிரிந்து போனார். 2,770 மீட்டர் உயரம், அவர் வளர்ந்த ஊரின் உயரத்துக்குப் பக்கத்தில். மஞ்சள் ஜெர்சி அணிந்திருந்த ஜூலியன் அலாஃபிலிப்பைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேல் முன்னதாகச் சிகரத்தைத் தொட்டார். இறக்கத்துக்கு அப்பால் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை மூடிவிட்டதால் பந்தயத்தை அங்கேயே நிறுத்தி, சிகரத்து நேரத்தையே கணக்கில் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து பாரிஸில், இருபத்திரண்டு வயதில், 1909-க்குப் பிறகு அதுவரை டூரை வென்றவர்களிலேயே மிக இளையவராக மேடை ஏறினார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து டூரை வென்ற முதல் ஆளும் அவர்தான்.

ஏற்றம் இருந்தால் இறக்கமும் உண்டு, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், விரல் அகலமுள்ள டயரில், முன்பின் பார்க்காத வளைவுகளில் இறங்குவது தனிக் கலை. பெர்னாலுக்கு மவுண்டன் பைக் அனுபவம் இதில் கை கொடுத்தது. பெல்ஜியத்தின் ரெம்கோ எவெனபூல் பதினேழு வயது வரை கால்பந்து ஆடிவிட்டு, ஜூனியரிலிருந்து நேராகப் பெரிய அணிக்குத் தாவியவர், எஞ்சின் அபாரமானது. 2020 ஆகஸ்டில் இல் லொம்பார்தியா பந்தயத்தில் ஒரு பாலத்துச் சுவரில் மோதிப் பள்ளத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சிறு வயதிலிருந்து கூட்டத்தில் ஓட்டி, விழுந்து, கற்று வருகிற அந்தப் பத்து வருடத்தை எந்தச் சோதனைக்கூடமும் கொடுக்க முடியாது என்று அப்போது பலரும் பேசிக்கொண்டார்கள், அதில் நியாயம் இருந்தது. அவர் மீண்டு வந்து 2022-இல் வுவெல்டாவை வென்றார்.

இனி களைப்பு. இன்றைய பயிற்சியாளர்கள் மிகவும் கவனிப்பது இதைத்தான். இரண்டு பையன்கள், இருவருமே காலையில் ஓய்வாக இருக்கும்போது இருபது நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 வாட் மிதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தால் ஒருவர் 5.8 மிதிக்கிறார், இன்னொருவர் 5.2-க்கு இறங்கிவிடுகிறார். ஆய்வகத்தில் இருவரும் சமம், பந்தயத்தின் கடைசி மலையில் இவர்களுக்கு நடுவில் பல நிமிட இடைவெளி. இந்தத் தாங்கும் திறன் வயதோடும், வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேரம் வரை சைக்கிளில் கழிக்கிற வருடங்களோடும் மெல்ல மெல்ல வருவது. அவசரப்படுத்தினால் உடம்பு உடைந்துபோகும். டூர் என்பது 21 ஸ்டேஜ், இரண்டு ஓய்வு நாள், 3,300 கி.மீ. சொச்சம். முதல் வாரத்தில் ஐந்தாவது இடத்தில் இருக்கிற பையன் மூன்றாவது வாரத்தில் முப்பதாவது இடத்துக்குப் போவது இயற்கை.

சாப்பாடும் இதோடு சேர்ந்ததுதான். மலை நாளில் ஒரு வீரர் நாலாயிரம் கிலோஜூலுக்குப் பக்கத்தில் செலவழிப்பார். ஓட்டும்போதே மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்தை, ஜெல்லாகவும் பானமாகவும் சோற்று உருண்டையாகவும் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு அதை ஏற்றுக்கொள்ளவே மாதக்கணக்கில் பழக்க வேண்டும். முன்பு இந்த அளவு சாப்பிடவே மாட்டார்கள். இப்போது மலைகளில் வேகம் கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிலோவுக்கு வாட் என்ற கணக்கில் எண்ணை உயர்த்த இரண்டு வழி, வாட்டைக் கூட்டலாம், இல்லை கிலோவைக் குறைக்கலாம். வாட்டைக் கூட்ட வருடங்கள் ஆகும், கிலோவை ஒரு மாதத்தில் குறைத்துவிடலாம். வளரும் பையன்களும் பெண்களும் விழுகிற குழி அதுதான். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் மலையில் வேகம் கூடியது போலத் தெரியும். பிறகு ஹார்மோன்கள் குறையும், எலும்பு வலு இழக்கும், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், அடிக்கடி காய்ச்சல் வரும், தூக்கம் கெடும். சைக்கிள் ஓட்டுவதில் எலும்புக்கு அதிர்வு குறைவு என்பதால் ஏற்கெனவே எலும்பு அடர்த்தி குறைவாக இருக்கிற விளையாட்டு இது. ஒல்லியாகப் போவதைப் பார்த்துப் பாராட்டுகிற பயிற்சியாளர் ஒருவர் இருந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அந்த இடத்தைவிட்டுப் பிள்ளையைக் கூட்டி வந்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர் சின்ன அணியில் ஓட்டிய காலத்தில் காலையில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2019-இல் யும்போ-விஸ்மா அணியில் சேர்ந்து, அந்த ஆகஸ்டில் டூர் ஆஃப் போலந்தில் ஒரு ஸ்டேஜை வென்று தலைவர் ஜெர்சியைப் போட்டார். மறுநாளே அதை இழந்தார். கால் மோசமில்லை, ஜெயிக்கப்போகிறோம் என்ற பதற்றம்தான் அவரைக் கவிழ்த்தது. அணி அவரைத் திட்டி ஓரங்கட்டவில்லை, பொறுமையாக வைத்திருந்தது. 2021 டூரில் தலைவர் ரோக்லிச் விழுந்து விலகியபோது வாய்ப்பு வந்து இரண்டாவதாக முடித்தார். 2022-லும் 2023-லும் வென்றார். பெர்னாலைவிட ஒரு மாதம் மூத்தவர் இவர், பெர்னால் பாரிஸில் மேடையில் நின்ற அடுத்த மாதம்தான் இவர் போலந்தில் தடுமாறிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயதில் யார் எங்கே இருக்கிறார் என்பதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது.

பெர்னாலுக்கும் எல்லாம் ஏறுமுகமாக இருக்கவில்லை. 2020 டூரில் முதுகுவலியால் பாதியில் விலகினார். 2021 ஜிரோவை வென்றார், ஆனால் அதற்கு நடுவில் சேகா டி ஆலா ஏற்றத்தில் ஒரு நாள் கால் சுத்தமாக ஓய்ந்துவிட்டது. ஜிரோவில் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்தவர் தலை தொங்கிப் பின்தங்கியபோது, சக அணி வீரர் தானியேல் மார்ட்டினெஸ் முன்னால் ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்து, முஷ்டியை ஆட்டி ஆட்டிக் கத்தி அவரை இழுத்துக்கொண்டு போனார். மார்ட்டினெஸும் கொலம்பியர், அந்த ஜிரோவில் அவரே ஐந்தாவதாக முடித்தார், தனக்கென்று ஓட்டியிருந்தால் இன்னும் மேலே கூட வந்திருக்கலாம். டொமெஸ்டீக் என்றால் யார் என்று யாராவது கேட்டால் அந்தக் காணொளியைக் காட்டுங்கள்.

2022 ஜனவரி 24, கொலம்பியாவில் பயிற்சியின்போது, டைம் டிரயல் சைக்கிளில் குனிந்து வேகமாகப் போகையில், நின்ற பஸ் ஒன்றின் பின்னால் மோதினார். தொடையெலும்பு, முழங்கால் சில்லு, முதுகெலும்பு, விலா எலும்புகள் எல்லாம் முறிந்து, நுரையீரலும் பாதிக்கப்பட்டது. ஏழு மாதம்கூட ஆகாமல் ஆகஸ்டில் டென்மார்க்கில் மறுபடி பந்தயத்தில் நின்றார். பழைய இடத்துக்கு வர அதைவிட நிறைய நாள் ஆனது. 2025 ஜிரோவில் ஏழாவது, அந்த செப்டம்பரில் வுவெல்டாவில் ஒரு ஸ்டேஜ் வெற்றி.

இப்போது எல்லா அணிகளும் அடுத்த பொகாச்சாரைத் தேடுகின்றன. அவர் 2020 டூரை வென்றது இருபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள். அதனால் இருபத்தோரு வயதில் வெல்லாத பையனை இனி வெல்லவே மாட்டான் என்று பேசுகிறார்கள், இது அநியாயம். அந்தப் பொகாச்சாரே அந்த டூரின் ஏழாவது ஸ்டேஜில் குறுக்குக்காற்றில் மாட்டி 1 நிமிடம் 21 விநாடியை இழந்தவர். 2023 டூர் டி லாவனிரை வென்ற மெக்சிகோவின் ஈசாக் டெல் தோரோ, 2025 ஜிரோவில் இளஞ்சிவப்பு ஜெர்சியோடு கடைசி மலை நாளுக்கு வந்தார், இருபத்தோரு வயது. கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே ஏற்றத்தில் அவரும் ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க, சைமன் யேட்ஸ் முன்னால் போய் ஜிரோவைத் தட்டிச் சென்றார். டெல் தோரோவிடம் கால் இருந்தது. எதிராளியை எப்போது துரத்துவது, எப்போது அடுத்தவரைத் துரத்தவிடுவது என்ற கணக்கு அன்று தவறியது, அதை அவர் இனி கற்றுக்கொள்வார். 2025 லாவனிரை வென்ற பிரான்ஸின் போல் செய்க்சாஸுக்கு அப்போது பதினெட்டு வயது, பிரான்ஸுக்கு 1985-க்குப் பிறகு ஆண்கள் டூரில் வெற்றியே இல்லை என்பதால் ஒரு நாட்டின் ஏக்கம் மொத்தத்தையும் அந்தப் பையன் தோளில் ஏற்றிவைக்கிறார்கள். கொஞ்சம் விட்டுவைத்தால் நல்லது.

அடுத்த முறை ஒரு இளம் கிளைம்பரைப் பார்க்கும்போது கடைசி ஐந்து கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். மலை தொடங்க ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது ஹெலிகாப்டர் காட்சியில் அவர் எத்தனையாவது ஆளாக வருகிறார், பக்கத்தில் சக அணியினர் இருக்கிறார்களா என்று தேடுங்கள். காற்று அடிக்கிற நாளில் பயந்து பின்னால் போகிறாரா என்று பாருங்கள். மலையில் அசத்திய நாளுக்கு மறுநாள் எப்படி ஓட்டுகிறார் என்று பாருங்கள். ஒரு மலை நாளில் பத்து நிமிடம் இழந்தார் என்றால் தலைவருக்கு உழைத்துவிட்டு விலகியதாலா, இல்லை தாங்க முடியாமலா என்று விசாரியுங்கள், முடிவுப் பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் அவருடைய ஒப்பந்தம் எத்தனை வருடம் என்று பாருங்கள். புதிதாகத் தொழில்முறைக்கு வருகிறவருக்குக் குறைந்தது இரண்டு வருடம் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நாலு, ஐந்து வருடம் கொடுத்திருந்தால் அந்த அணி அவரை அவசரப்படுத்தாமல் வளர்க்கும் எண்ணத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.